கிருமி இல்லை, கடுப்பு மட்டும் போகவில்லை

கே: இரண்டு வருடமாக நீர்க்கடுப்பு. ஆன்டிபயாடிக் ஆறு கோர்ஸ் முடித்துவிட்டேன். யூரின் கல்ச்சரில் எப்போதும் 'கிருமி இல்லை'தான். வீட்டில் மனப்பிரமை என்கிறார்கள்.

ப: பிரமை இல்லை. சிறுநீர் சேரச் சேர அடிவயிற்றில் வலி, போய்விட்டு வந்தால் கொஞ்சம் தேவலாம், கல்ச்சரில் கிருமி இல்லை என்றால் 'இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைடிஸ்' இருக்குமோ என்று பார்ப்போம். சிறுநீர்ப்பையின் உட்புறக் காப்புப் படலம் பழுதாகி, சிறுநீரில் உள்ள உப்புகள் நரம்பைச் சீண்டுகின்றன என்பது பலரும் ஏற்கும் விளக்கம். சிலருக்கு உள்ளே புண்ணே இருக்கும். அமெரிக்க மருத்துவர் ஹன்னர் 1915-இல் விவரித்ததால் 'ஹன்னர் புண்' என்போம். சிஸ்டோஸ்கோப்பியில் (சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது) அது தெரிந்து, சுட்டுவிட்டால் பலருக்கு மாதக்கணக்கில் நிம்மதி. ஏழாவது கோர்ஸ் வேண்டாம். ஆனால் கல், கட்டி, காசநோய் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சிறுநீர்ப்பைக் காசநோயும் சாதாரணக் கல்ச்சரில் சிக்காமல் இதே வேஷம் போடும்.

கே: புளி, காரம், காபி எல்லாவற்றையும் விட வேண்டுமா?

ப: இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும். காபி, டீ, எலுமிச்சை, தக்காளி, புளி, காரம் எல்லாம் நிறுத்துங்கள். அப்புறம் மூன்று நாளைக்கு ஒன்றாகத் திரும்பச் சேருங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை முறை போனீர்கள், எவ்வளவு போனது (அளவு போட்ட பிளாஸ்டிக் குவளை போதும்). என்னிடம் வரும் ஓர் அம்மாவின் நோட்டில் புளிக்குழம்புக்கு நேரே ஒன்றுமில்லை. ஃபில்டர் காபிக்கு நேரே, வலி கூடியதைக் காட்டும் நாலு சிவப்புக் கோடு. அதற்குள் அவர் ஒரு வருடம் ரசமே இல்லாமல் சாப்பிட்டிருந்தார், பாவம்.

கே: பஸ் பயணத்துக்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை.

ப: சிறுநீர் அடர்த்தியானால் எரிச்சல்தான் கூடும். மடமடவென்று குடிக்காமல், வாய் வாயாகக் குடியுங்கள். முடிந்தால் ரயிலில் போங்கள்.

கே: கீகல் பயிற்சி (சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்புத்தளத் தசையை இறுக்கி விடுவது) செய்யலாமா?

ப: வேண்டாம். பலருக்கு இடுப்புத்தளத் தசை ஏற்கெனவே இறுகியிருக்கும். அதைத் தளர்த்தத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். வலி கூடும் நாளில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

கே: இதற்குக் கொடுக்கும் பென்டோசான் மாத்திரை கண்ணைக் கெடுக்குமாமே?

ப: வருடக்கணக்கில் சாப்பிட்ட சிலருக்கு விழித்திரை பாதித்ததாக 2018-இல் தெரியவந்தது. 2020-இல் அமெரிக்காவில் மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை சேர்த்தார்கள். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். தொடங்கும் முன்பும் பிறகு அவ்வப்போதும் விழித்திரைப் பரிசோதனை செய்யுங்கள். எழுத்து மங்கினாலோ, இருட்டு பழக நேரமானாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.