டாக்டர் அக்கா பதில்கள்: மார்பக இம்பிளான்ட் 275-ஆ, 350-ஆ?

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது, தனியார் பள்ளியில் டீச்சர். பிள்ளைக்கு மூன்று வயது ஆகிறது. ஒன்றரை வயது வரை பால் கொடுத்தேன், நிறுத்தின பிறகு மார்பு வற்றிப்போன மாதிரி ஆகிவிட்டது. திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டியதில் 275 சிசி இம்பிளான்ட் போதும் என்றார். துபாயில் இருக்கும் என் மைனி 400 வைத்திருக்கிறார், பார்க்க நன்றாகவே இருக்கிறது. "சின்னதா வெச்சிட்டு அப்புறம் வருத்தப்படாதே, 350-ஆவது கேளு" என்கிறார். நான் இப்போது 34 பி, டி வரவேண்டும் என்று ஆசை. டாக்டர் தந்த சீட்டில் 11.5 செ.மீ., 1.5 செ.மீ. என்று எழுதியிருக்கிறது, என்னவென்று கேட்க வெட்கமாக இருந்தது. எவ்வளவு வைக்கச் சொல்வது?
- பெயர் வேண்டாம், தக்கலை

பதில்: உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அந்தச் சீட்டில் இருக்கிற ரெண்டு எண்ணில்தான் இருக்கிறது. அதைக் கேட்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டீர்களே என்பதுதான் எனக்கு வருத்தம். 11.5 என்பது உங்கள் மார்பகத்தின் அடி அகலம், நடுநெஞ்சை ஒட்டிய ஓரத்திலிருந்து அக்குள் பக்கத்து ஓரம் வரைக்கும். இம்பிளான்ட் என்பது வட்டமான ஒரு பை, அதற்கும் ஒரு விட்டம் உண்டு. பையின் விட்டம் உங்கள் 11.5-ஐ விட அகலமாகப் போனால், நடுவில் ரெண்டு பக்கமும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் அக்குள் பக்கம் பிதுங்கிக் கையைத் தொங்கப்போடும்போதெல்லாம் உரசும். 1.5 என்பது மார்பின் மேல்பகுதியை விரலால் கிள்ளிப் பிடித்து அளந்த கனம். அது 2 செ.மீ.க்குக் கீழே இருந்தால் பையின் ஓரம் தோல் வழியாகத் தெரிந்துவிடும் என்பதால் பெரும்பாலும் நெஞ்சுத் தசைக்கு அடியில் வைப்போம். உங்களுக்கும் அப்படித்தான் யோசித்திருப்பார்.

இப்போது 275-க்கும் 350-க்கும் வருவோம். உயரம் என்றால் பை முன்பக்கம் எழும்பி நிற்கிற அளவு; நடுத்தர உயரமுள்ள வகையில் 275 சிசி பை ஏறத்தாழ பதினொன்றரை செ.மீ. அகலம் வரும். அதே வகையில் 350 என்றால் பன்னிரண்டரையை நெருங்கும், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஆக உங்கள் டாக்டர் ஏதோ ஒரு எண்ணை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை, உங்கள் அகலத்துக்கு அளந்துதான் சொல்லியிருக்கிறார். 350 வைக்கவே முடியாதா என்றால், முடியும். உயரம் கூடின வகையில் அதே அகலத்துக்குள் 350-ம் கிடைக்கும், ஆனால் அகலத்தில் போகாதது முன்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும். பந்து மாதிரி உருண்டையாகத் தெரிவது சிலருக்குப் பிடிக்கும், அது அவரவர் விருப்பம், நான் குறை சொல்லமாட்டேன். உங்களுக்குப் பால் கொடுத்துத் தளர்ந்த தோல் என்பதுதான் என் கவலை. பெரிய பை போட்டு அந்தத் தளர்ச்சியை நிரப்பிவிடலாம் என்று தோன்றும், முதல் வருடம் அழகாகவும் இருக்கும், அப்புறம் அந்தப் பாரமே தோலை இன்னும் கீழே இழுக்கும். 350 என்றால் ஒரு பக்கம் கிட்டத்தட்ட 350 கிராம், ரெண்டு பக்கமும் சேர்த்து முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. நாள் முழுக்க நின்றுகொண்டு பாடம் நடத்துகிறவர் நீங்கள், கழுத்தும் முதுகும் உங்களுடையது.

கண்ணாடி முன் நேராக நின்று ஒன்று பாருங்கள். காம்பு, மார்புக்கு அடியில் உள்ள மடிப்புக்கு மேலே இருக்கிறதா, கீழே இறங்கிவிட்டதா? இறங்கியிருந்தால் எத்தனை சிசி வைத்தாலும் அது மேலே வராது, தூக்கித் தைக்கும் அறுவையும் சேர்த்துத்தான் செய்யவேண்டும். இதை டாக்டரிடம் அவசியம் கேளுங்கள்.

மைனியின் 400 உங்கள் கணக்குக்கு உதவாது. அவருடைய நெஞ்சு அகலம் வேறு, முன்னாலே இருந்த சதை வேறு. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது பை மட்டும் இல்லை, சொந்தச் சதையும் பையும் சேர்ந்ததுதான். டி சைஸ் என்பதும் அப்படித்தான். வடசேரியில் ஒரு கடையில் 34 பி என்று வாங்கினது அடுத்த கம்பெனியில் 34 சி ஆக இருக்கும், 32 சி-யும் 34 பி-யும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு. அந்த எழுத்தை நம்பி எந்த டாக்டரும் வாக்குக் கொடுக்கமாட்டார், கொடுத்தால்தான் நீங்கள் யோசிக்கவேண்டும்.

நான் என்னிடம் வருகிறவர்களிடம் சொல்கிற ஒன்றைச் செய்துபாருங்கள். பிள்ளை பால் குடித்த குப்பி வீட்டில் கிடக்கும், அதில் மி.லி. கோடு போட்டிருக்கும். சிசி-யும் மி.லி.யும் ஒன்றுதான். பச்சரிசியை 275 வரும் வரைக்கும் அளந்து, மெல்லிய நைலான் சாக்ஸில் கொட்டி, காற்று இல்லாமல் முடிச்சுப் போட்டு, உள்ளங்கையால் ஊத்தப்பம் மாதிரி தட்டிப் பரப்புங்கள். அப்படியே இன்னொன்று. கம்பி இல்லாத, நன்றாக நீளுகிற பிராவுக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வீட்டு வேலை செய்யுங்கள், அடுத்த நாள் 350 வைத்துச் செய்யுங்கள். நைட்டியில் மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. பள்ளிக்குப் போகிற சேலையைக் கட்டிப்பாருங்கள், ஸ்கூட்டியில் திங்கள்சந்தை வரைக்கும் ஒரு ரவுண்டு போய்வாருங்கள், குனிந்து பிள்ளையின் செருப்பை மாட்டிவிடுங்கள். "ஐயோ, எல்லாரும் பார்க்கிறார்களே" என்று தோன்றுகிறதா, "இன்னும் கொஞ்சம் இருந்தால் நல்லாயிருக்குமே" என்று தோன்றுகிறதா என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும், அரிசி வெளியே இருக்கிறது, இம்பிளான்ட் தசைக்கு அடியில் அழுந்தி இருக்கும், அதனால் உள்ளே போன பிறகு அதே அளவு சற்றுக் குறைவாகத்தான் தெரியும். அரிசியில் 275 உங்களுக்குக் கச்சிதமாக இருந்தால் டாக்டரிடம் 300 பற்றிப் பேசலாம். அதுக்கு மேலே, நடுத்தர உயர வகையில், உங்கள் 11.5 இடம் கொடுக்காது என்பது என் அபிப்பிராயம். 275-ஆ 300-ஆ என்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த 25 சிசி முழுசாக ரெண்டு மேசைக்கரண்டி கூட இல்லை.

அடுத்த பிள்ளை உடனே வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அது முடியட்டும், ஒவ்வொரு பிரசவத்துக்கும் மார்பு மாறும், இப்போது எடுக்கிற அளவு அப்போது நிற்காது. இல்லை என்றால், அறுவைக்கு முன்னால் மார்பு ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள். டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. முடித்தவர்தானா என்று கேட்பதில் ஒரு வெட்கமும் வேண்டாம். அழகுக்காகச் செய்வதற்கு இன்சூரன்ஸ் பொதுவாகக் கிடைக்காது, ஜி.எஸ்.டி.யும் உண்டு, மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள். முடிந்ததும் மறுநாளே பஸ் ஏறி அந்த ரோட்டில் குலுங்கி வராதீர்கள், ரெண்டு நாள் அங்கேயே தங்கி ரயிலிலோ காரிலோ வாருங்கள். ஒரு மாதம் வரைக்கும் கையை உயர்த்திக் கரும்பலகையின் மேல்பகுதியில் எழுத வேண்டாம். பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாலும் ஆறு வாரம் தூக்கக்கூடாது, இதைத்தான் தாய்மார் எல்லாரும் மீறுகிறார்கள், வீட்டில் முன்னாலேயே சொல்லி ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 21 வயது. இடது பக்கம் வலது பக்கத்தை விட ஒரு கப் அளவு சிறியது. அம்மா அண்டி ஆபீஸில் (முந்திரித் தொழிற்சாலை) வேலை பார்க்கிறார், பெரிய செலவு செய்ய முடியாது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பக்கம் மட்டும் இம்பிளான்ட் வைக்கலாமா?
- கருங்கல்

பதில்: மக்களே, முதலில் பயப்படாதே. ரெண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிற பெண்கள் குறைவு, உனக்கு அந்த வித்தியாசம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அழகுக்காகச் சிலிக்கான் வைக்க அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. குறைந்தது 22 வயது என்று வைத்திருக்கிறது, உனக்கு இன்னும் அதுவே ஆகவில்லை. இம்பிளான்ட் ஒரு வழி மட்டும்தான், பெரிய பக்கத்தைச் சிறிதாக்கலாம், வயிற்றுக் கொழுப்பை எடுத்துச் சின்னப் பக்கத்தில் நிரப்பலாம். ஒரு பக்கம் பை, மறுபக்கம் சொந்தச் சதை என்றால் எடை கூடும்போதும் பிள்ளை பெறும்போதும் ஒரு பக்கம் மட்டும் மாறும், இதை யோசி. கல்யாணத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு இதில் இறங்கக் கூடாது, வீக்கம் வடிந்து சரியான வடிவம் வரவே மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். இப்போதைக்கு ஒரு பக்கம் பேட் வைத்த பிரா போதும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் சர்ஜரி ஓ.பி.யில் ஒரு தடவை காட்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-ல் மார்பக அறுவையை இலவசமாகச் செய்யத் தொடங்கினார்கள், எங்கே அனுப்பலாம் என்று அந்த ஓ.பி.யிலேயே கேள்.

கேள்வி: குவைத்தில் நர்ஸ், லீவில் வந்திருக்கிறேன். எட்டு வருடத்துக்கு முன் சிலிக்கான் வைத்தேன். ஃபிளைட்டில் வெடித்துவிடும் என்று சொந்தக்காரர் ஒருவர் பயமுறுத்துகிறார். அதோடு, இப்போது இன்னும் பெரிதாக மாற்றலாமா?
- மார்த்தாண்டம்

பதில்: வெடிக்காது, தைரியமாக ஏறுங்கள். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் இந்த எட்டு வருடத்தில் ஒரு தடவையாவது ஸ்கேன் எடுத்தீர்களா? சிலிக்கான் பை கிழிந்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இல்லாமல் உள்ளேயே கிடக்கும், அதனால்தான் வைத்து ஐந்தாறு வருடத்தில் முதல் ஸ்கேன், அப்புறம் ரெண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று எஃப்.டி.ஏ. சொல்கிறது. அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ, எதுவானாலும் சரி. அளவு கூட்டுவதை அந்த ரிப்போர்ட் கையில் வந்த பிறகு பேசுவோம். அறுவையின்போது தந்த கார்டையும் தேடி எடுங்கள், அதில் கம்பெனி, சிசி, மேற்புறம் வழவழப்பா சொரசொரப்பா என்று எல்லாம் இருக்கும். சொரசொரப்பான ஒரு வகையை, அபூர்வமாக வருகிற ஒரு புற்றுநோய்க்காக 2019-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். உங்களுடையது அதுவே என்றாலும், தொந்தரவு இல்லாதவரை எடுத்துப்போட வேண்டியதில்லை, ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினால் உடனே காட்டவேண்டும். கார்டு தொலைந்திருந்தால் அறுவை செய்த இடத்தில் எழுதிக் கொடுத்து பழைய ஃபைலிலிருந்து நகல் வாங்குங்கள், லீவு முடிவதற்குள்.