லினக்ஸ் போர்டுக்கு மாறும் குழுவுக்கு ஐந்து நாள் பயிற்சி போதுமா?

கேள்வி: கோவையில் நூற்பாலை இயந்திரங்களுக்கான கன்ட்ரோல் பேனல்களைத் தயாரிக்கிறோம். எங்களிடம் உள்ள ஆறு பொறியாளர்களும் சி மொழியிலும் மைக்ரோகன்ட்ரோலரிலும் நன்கு பழகியவர்கள். தொடுதிரையும் நெட்வொர்க்கும் கொண்ட அடுத்த மாடல் ஏஆர்எம் பிராசசரில், லினக்ஸில் இயங்கப் போகிறது. கையில் மூன்று மாதம் இருக்கிறது. ஆறு பேரையும் ஐந்து நாள் யோக்டோ (போர்டுக்கு ஏற்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கித் தரும் கருவித்தொகுப்பு) பயிற்சிக்கு அனுப்பினால் போதுமா?

பதில்: போதாது. ஆறு பேரையும் அனுப்ப வேண்டிய தேவையும் இல்லை.

மைக்ரோகன்ட்ரோலரில் உங்கள் பொறியாளர் எழுதிய ஒரே நிரல்தான் முழு மென்பொருள். புரோகிராமர் என்ற கருவியை மாட்டி அதை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. லினக்ஸ் போர்டிலோ இயங்குதளத்தை ஏற்றித் தொடங்கும் பூட்லோடர், அதன் மையமான கர்னல், வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ, நிரல்களும் கோப்புகளும் அடங்கிய ரூட் ஃபைல் சிஸ்டம் என்று நான்கு பகுதிகள் சேர்ந்தால்தான் ஓர் இயங்குதளம் உருவாகிறது. அவற்றில் பெரும்பகுதி மற்றவர்கள் எழுதியது. ஆகவே உங்கள் பொறியாளர்கள் புதிதாகக் கற்க வேண்டியது, பிறர் எழுதியதைத் தேர்ந்து, இணைத்து, எத்தனை முறை கட்டினாலும் (பில்ட் செய்தாலும்) அதே விளைவு வரும்படி செய்து, பல ஆண்டுகள் பராமரிக்கும் பழக்கமே.

முதல் இரண்டு வாரங்களுக்கு யோக்டோ என்ற பேச்சே வேண்டாம். பீகிள்போன் பிளாக் போன்ற ஒரு போர்டையும் ஒரு யுஎஸ்பி சீரியல் கேபிளையும் கையில் கொடுங்கள். அந்தப் போர்டின் ஆறு பின் கொண்ட ஹெடரில் முதல் பின் கிரவுண்டு, நான்காவது போர்டு கேட்கும் பின், ஐந்தாவது போர்டு பேசும் பின். கேபிள் கட்டாயம் 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும். 115200 வேகத்தில் டெர்மினலைத் திறந்து மின்சாரம் கொடுத்தால் ஓடும் வரிகளை, ஒவ்வொன்றும் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று சொல்லத் தெரியும் வரை படிக்கச் சொல்லுங்கள். சிப்புக்குள்ளேயே பதிந்துள்ள நிரல், சிப்பின் சிறிய உள்நினைவகத்தில் எஸ்பிஎல் என்ற சிறு பூட்லோடரை ஏற்றுகிறது; அது வெளி நினைவகத்தைத் தயார்செய்து, முழு பூட்லோடரான யு-பூட்டை அழைக்கிறது; யு-பூட் கர்னலையும் டிவைஸ் ட்ரீயையும் ஏற்றுகிறது. பிறகு யு-பூட்டில் கர்னலுக்குத் தரும் கன்சோல் பெயரை (செய்திகள் வெளிவரும் போர்ட்டின் பெயர்) வேண்டுமென்றே வேறொரு சீரியல் போர்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். கர்னல் தொடங்குகிறது என்ற வரியோடு திரை மௌனமாகிவிடும். போர்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டுபவர், முன்பே ஐபி முகவரி அமைத்திருந்தால், ஈதர்நெட் வழியே பிங் செய்து அது உயிரோடு இருப்பதைக் காணலாம். இந்த ஒரு மணி நேரப் பாடம் எந்த ஸ்லைடிலும் கிடைக்காது.

அடுத்து, யோக்டோவைவிட எளிய கருவியான பில்ட்ரூட்டில் ஒரு வாரம் செலவிடலாம். மெனுவில் தேர்வுசெய்து, டூல்செயின் (கம்பைலர் முதலான கருவிகள்) முதல் ரூட் ஃபைல் சிஸ்டம் வரை ஒரே கட்டளையில் கட்டிப் பார்த்தால் முழுப் பாதையும் மனத்தில் பதியும். உங்களுக்கு ஒரே மாடல்தான் என்றால் பில்ட்ரூட்டிலேயே நின்றுவிடலாம் என்பது என் கருத்து. மூன்று நான்கு மாடல்கள் ஒரே அடித்தளத்தைப் பகிரும் என்றாலோ, சிப் தயாரிப்பாளர் தரும் ஆதரவு யோக்டோவில் மட்டும் கிடைக்கிறது என்றாலோ யோக்டோவுக்குப் போக வேண்டும். தொடங்கும் முன் பதிப்பைப் பாருங்கள்: 2024 ஏப்ரலில் வந்த 5.0 (ஸ்கார்த்கேப்) நான்காண்டு ஆதரவு கொண்ட பதிப்பு.

யோக்டோவில் பிட்பேக் என்ற கருவி, ரெசிபி எனப்படும் கோப்புகளைப் படித்துக் கட்டுகிறது. ரெசிபிகள் லேயர்களாக அடுக்கப்பட்டிருக்கும். முதல் நாளே சொல்ல வேண்டிய விதி, சிப் தயாரிப்பாளரின் லேயரில் ஒரு வரியையும் மாற்றாமல், எல்லா மாற்றங்களையும் சொந்த லேயரில், மூல ரெசிபியோடு சேர்ந்துகொள்ளும் ஒட்டுக்கோப்புகளாக வைக்க வேண்டும் என்பது. நான் ஆலோசனைக்குச் சென்ற ஒரு நிறுவனத்தில், வேலையை விட்டுப் போனவர் எல்லாவற்றையும் தன் மடிக்கணினியில் நேரடியாகத் திருத்தி வைத்திருந்தார். அதை ஃபார்மட் செய்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். விற்பனையில் இருந்த இமேஜை (போர்டில் ஏற்றும் முழு மென்பொருள் கோப்பை) மறுபடி கட்ட முடியாமல், எது மாறியது என்று கண்டுபிடிக்கவே மூன்று வாரம் போயிற்று.

ஐந்து நாள் பயிற்சிக்குப் பொருத்தமான நேரம் இதுதான், அதாவது ஐந்தாவது வாரம்; அதற்கும் இரண்டு பேர் போனால் போதும். மற்ற நால்வரும் தொடுதிரைப் பயன்பாட்டை எழுதுபவர்கள் என்பதால், யோக்டோ உருவாக்கித் தரும் எஸ்டிகேயை (பயன்பாடு எழுதுவதற்கான கருவித் தொகுப்பை) நிறுவி அதில் தங்கள் நிரலைக் கட்ட ஒரு நாள் பழகினால் போதுமானது. கட்டணம் செலுத்தும் முன், பிரான்சின் பூட்லின் நிறுவனம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிட்டுள்ள பயிற்சிப் பாடங்களை அந்த இருவரும் செய்துபார்க்கட்டும். பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வயலில், அதாவது வாடிக்கையாளர் இடத்தில், இருக்கும் கருவியைப் புதுப்பிக்கும் பாடம் உண்டா?

ஏனெனில் பெரும்பாலான பயிற்சிகள் திரையில் லாகின் வரி வந்ததும் முடிந்துவிடுகின்றன. உங்கள் தலைவலியோ அங்கேதான் தொடங்குகிறது. பேனல் நூற்பாலைக்குள் போய்விடும், அப்டேட் ஓடும்போதே மின்சாரம் போகும். எனவே மீதமுள்ள வாரங்களில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். ரூட் ஃபைல் சிஸ்டத்துக்கு இரண்டு பார்ட்டிஷன்கள் வைத்து, ஒன்றிலிருந்து இயங்கும்போது மற்றதில் புதிய இமேஜை எழுதும் முறையை ரவுக் அல்லது எஸ்டபிள்யூஅப்டேட் என்ற அப்டேட் கருவியைக் கொண்டு அமைக்கலாம். புதிய இமேஜ் குறிப்பிட்ட முறை தொடங்கியும் நிலைக்கவில்லை என்றால், யு-பூட்டின் பூட் எண்ணிக்கை வரம்பைத் தாண்டி, பழைய பார்ட்டிஷனுக்குத் திரும்பும். இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: கர்னல் எழுந்தவுடனேயே ஸ்கிரிப்ட் ஒன்று அந்த எண்ணிக்கையைப் பூச்சியமாக்கிவிடும், பயன்பாடு விழுந்து கிடந்தாலும் அப்டேட் வெற்றி என்று பதிவாகும். தொடுதிரைப் பயன்பாடு இயந்திரத்துடன் பேசத் தொடங்கிய பிறகே அதைப் பூச்சியமாக்க வேண்டும். அப்டேட்டின் நடுவே, வெவ்வேறு கட்டங்களில், ஐம்பது முறை பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கடவுச்சொல் இல்லாத ரூட் கணக்கு விற்பனை இமேஜில் இல்லை என்பதையும், அப்டேட்டுகளுக்கு டிஜிட்டல் கையெழுத்திடும் சாவி யாருடைய மடிக்கணினியிலும் இல்லை என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்ளலாம்.

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்வதாக இருந்தால் இது விருப்பத் தேர்வும் அல்ல. அங்கே டிஜிட்டல் கருவிகளுக்கான சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்துகின்றன.

கற்றுக்கொண்டார்களா என்று அறிய, மூன்றாம் மாதக் கடைசியில் எதுவும் நிறுவாத ஒரு கணினியைக் கொடுங்கள். இருவரில் லேயரை எழுதாதவர், கிட் (Git) சேமிப்பகத்தையும் எழுதிவைத்த குறிப்புகளையும் மட்டும் வைத்து இமேஜைக் கட்டி, பழைய பதிப்பில் ஓடும் பேனலை அப்டேட் செய்துகாட்ட வேண்டும். எழுதியவர் அந்த அறையில் இருக்கக் கூடாது. முதல் பில்ட் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால், 32 ஜிபி ராமும் 500 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ள கணினியாகப் பார்த்து வாங்குங்கள்.