பிடி உடைந்தால் ஹேண்டிலையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: அம்மாவின் பழைய சிங்கர் கைமெஷின் இன்னும் நன்றாகத் தைக்கிறது. சுழற்றும் ஹேண்டிலின் மரப்பிடிதான் பிளந்துவிட்டது. ஹேண்டிலோடு சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டித்தான் சுற்றுகிறேன், உள்ளங்கை கொப்பளிக்கிறது. புறக்கோட்டையில் கேட்டால், பிடி தனியே கிடைக்காது, முழு ஹேண்டிலையும் மாற்றுங்கள் என்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் அந்தத் துணியை அவிழ்த்துவிடுங்கள். பிடி நடுவிலிருக்கும் ஆணியில் தானாக உருள வேண்டும். அதைக் கட்டிப்போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் தோல்தான் உரசுப்படும். கடற்காற்றில் ஆணி துருப்பிடித்து இறுகினாலும் இதே கதைதான். பிடி பிளந்ததற்கே அது காரணமாக இருக்கலாம்.

அடுத்து ஆணியின் நுனியைப் பாருங்கள். திருப்புளி வைக்கிற வெட்டு இருந்தால் வேலை சுலபம். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். தேங்காயெண்ணெய் மட்டும் விடாதீர்கள். நாளாக ஆகப் பிசினாகி மெஷினையே இறுக்கிவிடும். எங்கள் வீடுகளில் பல மெஷின்கள் 'கெட்டுப்போனது' அப்படித்தான். நுனி தட்டி விரித்ததாக இருந்தால் லேத் கடைக்குப் போக வேண்டும். தலையை அராவி, பழைய ஆணியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு போல்ட் போட்டுத் தருவார்கள். கூலியை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளந்த துண்டுகள் தொலையவில்லை என்றால் மரப்பசை பூசி, நூலால் நெருக்கமாகச் சுற்றி ஒரு நாள் வைத்தாலே போதும். ஆணியிலேயே வைத்து ஒட்டுவதானால் அதற்கு முன் மெழுகுதிரியை ஆணியில் நன்றாகத் தேயுங்கள். இல்லாவிட்டால் பசை உள்ளே போய் பிடியும் ஆணியும் ஒன்றாகிவிடும்.

துண்டு தொலைந்துபோயிருந்தால், பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் அரத்துக்குப் போடும் மரப்பிடி இருக்கிறதா என்று கேளுங்கள். முனையில் பூண் போட்டது நல்லது, எளிதில் பிளக்காது. மறுமுனை வரை துளைத்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். கடைச்சல்காரரிடம் தேக்கிலோ பலாவிலோ செய்வித்தால் இன்னும் அழகாக இருக்கும். யாரிடம் போனாலும் அளவை வாயால் சொல்லாமல் ஆணியையே கையில் கொண்டுபோங்கள். துளை ஆணியை விட அரை மில்லிமீற்றர் பெரிதாகவும், பிடி அது உருளும் இடத்தை விட ஒரு மில்லிமீற்றர் குட்டையாகவும் இருக்கட்டும். சற்று ஆடினால்தான் சரி.

அப்புறமும் முழு ஹேண்டில்தான் என்றால், மெஷினின் சக்கரத்தில் ஆரக்கால் இருக்கிறதா, பக்கத்தில் ஹேண்டிலைப் பூட்டும் மேடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். ஆரக்கால் இல்லாத சக்கரத்தை ஹேண்டிலின் விரல், அதாவது ஆரக்கால்களுக்கிடையே நுழைந்து சக்கரத்தைச் சுழற்றும் துண்டு, பிடிக்காது. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும்.

கேள்வி: மேசையில் பூட்டும் தேங்காய் துருவியின் பிளாஸ்டிக் பிடி வெடித்துவிட்டது. சூப்பர் குளூ போட்டும் நிற்கவில்லை.
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அழுத்தமும் ஈரமும் சேர்கிற இடத்தில் அது நிற்காது. மேலே சொன்ன மரப்பிடியையே போடுங்கள். ஆனால் இங்கே மெஷின் எண்ணெய் கூடாது, தேங்காய்ப்பூவில் சொட்டும். கழுவித் துடைத்துவிட்டு ஒரு துளி தேங்காயெண்ணெய் விடுங்கள், பிசுபிசுத்தால் கழுவிக்கொள்ளலாம்.