டாக்டர் பதில்கள்: நுரையீரலுக்கு என்ன வயது?

கேள்வி: சிகரெட் பாக்கெட்டில் 85 சதவீத இடத்தில் புற்றுநோய் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. 42 வயதான என் கணவர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. எப்படிச் சொன்னால் கேட்பார்? (வாசகி, தேனி)

பதில்: அந்தப் படம் என்னிடம் வருபவர்களுக்கும் பழகிவிட்டது, அம்மா. "அதெல்லாம் இருபது வருஷம் கழிச்சுத்தானே டாக்டர்?" என்று சிரிப்பார்கள். அதனால் நான் புற்றுநோய்ப் பேச்சையே எடுப்பதில்லை. மூச்சின் அளவையும் வேகத்தையும் அளக்கும் ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதச் சொல்லி, "உங்களுக்கு 42, உங்கள் நுரையீரலுக்கு 60" என்பேன். அதாவது, ஆரோக்கியமான 60 வயதுக்காரர் ஊதும் அளவுக்குத்தான் அவரால் ஊத முடிகிறது. சிரிப்பு நின்றுவிடும்.

இங்கிலாந்தில் 2008இல் வெளியான ஆய்வில், நுரையீரல் வயதைக் கேட்டவர்களில் 13.6 சதவீதம் பேர் ஒரு வருடத்தில் புகையை விட்டிருந்தார்கள். பரிசோதனை முடிவை வெறும் எண்ணாகப் பெற்றவர்களில் 6.4 சதவீதம்தான். வேடிக்கை என்னவென்றால், நுரையீரல் நன்றாக இருப்பதாகத் தெரிந்தவர்களும் அதே அளவுக்கு விட்டார்கள். எனவே ரிசல்ட் நார்மலாக வந்துவிடுமோ என்று அவரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம்.

அப்புறம், லாபத்தையும் சொல்லுங்கள். புகையின் பாதிப்பை ஆராய்ந்த ரிச்சர்ட் டால் என்பவரின் குழு பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் கவனித்ததில், 40 வயதில் விட்டவர்களுக்கு, விடாதவர்களைவிடச் சுமார் 9 ஆண்டு ஆயுள் கூடுதலாகக் கிடைத்தது. பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்ற இலவச உதவி எண் இருக்கும். அவரே கூப்பிடட்டும், நீங்கள் டயல் செய்து கையில் கொடுக்காதீர்கள்.