25 சதத்த போட்டது யாரு, எடுத்தது யாரு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பொங்கலுக்கு எல்லாரும் வீட்டுக்கு வந்திருந்தாங்க, வந்த எடத்துல எங்க மாமாவுக்கும் அண்ணனுக்கும் பெரிய சண்ட. மாமா பழைய யூனியன்காரர், அண்ணன் கொழும்புல கடை வச்சிருக்காரு. அம்மாவுக்கு கண்ணுல வெள்ளை படர்ந்திருக்கு, ஆபரேசனுக்கு கவர்மென்ட் ஆஸ்பத்திரில எட்டு மாசம் தள்ளி நாள் குடுத்திருக்காங்க. ப்ரைவட்ல காசு கட்டுனா அடுத்த கிழமையே முடியும், போட்டி இருந்தாத்தான் வேல நடக்கும்னு அண்ணன் சொல்றாரு. சோசலிசம் வந்தா ப்ரைவட்டே தேவையில்லன்னு மாமா. யாரு சொல்றது சரி?
– வாசகி, ஹட்டன்

பதில்: தங்கச்சி, அவங்க சண்ட இருக்கட்டும், அம்மா லயத்துப் படி எறங்கும்போது தடுமாறுறாங்களானு மொதல்ல பாருங்க. தடுமாறுனா அத டாக்டர்கிட்ட சொல்லி நாள முன்னுக்கு எடுக்க முடியுமானு கேளுங்க, கேக்காம யாரும் மாத்த மாட்டாங்க. ஜனாதிபதி நிதியத்துலயும் ஆபரேசன் செலவுக்கு உதவி கேக்கலாம், பிரதேச செயலகத்துல விசாரிச்சுப் பாருங்க.

இப்ப சண்டைக்கு வருவோம். இலங்கைல கவர்மென்ட் ஆஸ்பத்திரில காசு வாங்குறத 1951ல நிப்பாட்டுனாங்க, அப்ப ஆட்சில இருந்தது யூஎன்பி, அதான் ஐக்கிய தேசியக் கட்சி, அவங்க யாரும் செங்கொடி புடிச்சவங்க இல்ல. பெறகு 1971ல ஓபிடிக்கு, அதான் வெளிநோயாளர் பகுதிக்கு, மருந்தெடுக்கப் போனா 25 சதம் கட்டணும்னு கொண்டாந்தாங்க, கொண்டாந்தது பிரதமர் சிறிமாவோ அம்மாவும் இடதுசாரிக் கட்சிகளும் சேந்த கூட்டரசாங்கம், நிதி மந்திரி என்.எம். பெரேரா, அசல் சமசமாஜி, இடதுசாரிக் கட்சிக்காரர். 25 சதம்னா பெரிய காசானு கேப்பீங்க, ஆனா அதுக்கே ஆஸ்பத்திரில கூட்டம் கொறஞ்சிருச்சு, நோய் கொறஞ்சதால இல்ல. அத 1977ல எடுத்து விட்டது யாரு தெரியுமா, தெறந்த பொருளாதாரத்தக் கொண்டாந்த யூஎன்பி தலைவர் ஜே.ஆர். ஜெயவர்தன. அதே மனுசன்தான் அடுத்த வருசம் நாட்டுக்கு ஜனநாயக சோசலிசக் குடியரசுனு பேரு வச்சாரு, பாஸ்போர்ட் இருந்தா எடுத்துப் பாருங்க, இன்னும் அப்புடியேதான் இருக்கு. மாமாகிட்டயும் அண்ணன்கிட்டயும் இத ஒரே மூச்சுல சொல்லிட்டு ஒரு ப்ளேன்டி ஊத்திக் குடுங்க, கொஞ்ச நேரம் வீடு அமைதியா இருக்கும்.

நம்ம மலையகத் தோட்டத்து ஆளுகளுக்கு இதுல இன்னொரு கணக்கும் இருக்கு. 1951ல நாட்டுக்கே இலவசம்னு சொன்னப்ப நம்ம பெரிசுங்க பாதிக்கு மேல குடியுரிமை இல்லாம, நாடில்லாம இருந்தவங்க, காய்ச்சல் வந்தா தோட்டத்து டிஸ்பென்சரிதான், அது தோட்டத்து மேனேஜர் தொரை கையில. 72லயும் 75லயும் தோட்டங்கள அரசாங்கம் எடுத்துச்சு, சரி விடிஞ்சிருச்சுனு பாத்தா 73, 74ல பஞ்சம், தோட்டத்துல பட்டினியால செத்தவங்கள எங்க அப்பாயி பேர் சொல்லி எண்ணும். 92ல திரும்ப கம்பனிங்க கையில போச்சு, டிஸ்பென்சரிக்கு பெயின்ட் அடிச்சாங்க. ஆக அரசாங்கமும் கம்பனியும் ரெண்டு பேரும் நம்மள வச்சி வேல வாங்குனாங்க, ரெண்டு பேரு காலத்துலயும் மழை நாள்ல நோயாளிய தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வந்ததும் நம்மதான். இந்த நாட்டு இலவச ஆஸ்பத்திரிக்கு டொலர் கொண்டாந்ததுல பெரிய பங்கு தேயிலைக்குங்கிறத மட்டும் யாரும் சொல்றதில்ல.

அண்ணன் சொல்ற போட்டிக்கு வாரேன். காலைல கவர்மென்ட் ஆஸ்பத்திரில பாக்குற டாக்டரே பின்னேரம் காசுக்குப் பாக்குற ப்ரைவட் சானல் சென்டர்ல ஒக்காந்திருக்காரு, சட்டமும் அதுக்கு எடங்குடுக்குது, அவரு படிச்சதும் இலவசப் படிப்பு. இதுல யாரோட யாருக்குப் போட்டி, அவருக்கும் அவருக்குமா? இருந்தாலும் அண்ணன் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, எட்டு மாசம்ங்கிறது சும்மா கெடைக்குற வைத்தியத்துக்கு நம்ம குடுக்குற வெலைதான், அத மாமா ஒத்துக்கணும்.

எனக்கு எது சரினு படுதுனா, காசு எப்ப கேக்குறாங்கங்கிறதுதான் விசயம். படுத்துக் கெடக்குறப்ப கேக்காதீங்க, நல்லா இருக்கப்பவே வரியா எடுத்துக்கோங்க. எடுக்கத்தானே செய்றாங்க, 2024லருந்து வாட் 18 வீதம், சோப்பு வாங்குனாலும் கட்டுறோம். அதுக்குப் பெறகும் நாட்டுல வைத்தியத்துக்கு ஆகுற மொத்த செலவுல கிட்டத்தட்ட பாதி சனங்க சொந்தக் கையிலருந்துதான் போகுது. ஆஸ்பத்திரி இலவசம், ஆனா ஸ்கேன் வெளிய, மருந்துத் துண்டு பாமசிக்கு, ஆட்டோக் கூலி தனி, கிளினிக் போன நாளுக்கு பேரு இல்ல, அதான் அன்னைக்கு நாள் சம்பளம் இல்ல. நாள் பேருக்கு வேல செய்யிற பொம்பளைக்கு கிளினிக் இலவசம்னு நான் எப்புடிச் சொல்றது.

கேள்வி: பாமசில ஒரே மருந்துக்கு மூணு வெல சொல்றாங்க, கூடின வெலை மருந்துதான் கேக்குமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: பனடோல்ங்கிறது கம்பனி வச்ச பேரு, பாரசிட்டமோல்ங்கிறது மருந்தோட பேரு. இந்த வித்தியாசத்த நாட்டுக்கே சொல்லிக் குடுத்தவரு பேராசிரியர் சேனக பிபிலே. 1971ல அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனம் தொடங்குனப்ப தலைவரா இருந்தாரு, மருந்துப் பேர்லயே உலகம் பூரா டென்டர் கூப்புட்டு மொத்தமா வாங்கி வெலையக் கொறச்சாரு. 77ல அவரும் செத்துட்டாரு, பெறகு இறக்குமதியும் எல்லாருக்கும் தெறந்துருச்சு. 2016ல 48 மருந்துக்கு உச்ச வெல வச்சாங்க, அதுவும் அவரு போட்ட வழிதான். மருந்துப் பேர எழுதித் தாங்கனு டாக்டர்கிட்ட வாய் தொறந்து கேளுங்க, அரசாங்க மருந்துக் கடை ஒசுசல பக்கத்துல இருந்தா அங்க வெலைய ஒருக்கா கேட்டுப் பாருங்க. ஆனா இருதய மருந்து, வலிப்பு மருந்தெல்லாம் டாக்டர கேக்காம நீங்களா மாத்தாதீங்க.

கேள்வி: 2022ல மருந்தே இல்லாமப் போச்சே, அது சோசலிசத்தாலயா முதலாளித்துவத்தாலயா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: டொலர் இல்லாததால. பேராதனை ஆஸ்பத்திரில கூட அந்த மார்ச் மாசம் நாள் குடுத்த ஆபரேசன நிப்பாட்டுனாங்க. பாமசிலயும் ராக்கை காலி, அதனால காசு வச்சிருந்தவனும் அன்னைக்கு வரிசைலதான் நின்னான்.

கேள்வி: இவ்வளவு பேசுறீங்களே, நீங்க எந்தக் கட்சி?
– வாசகர், நுவரெலியா

பதில்: சீனி வருத்தக் கட்சி. மாசத்துல ரெண்டாவது செவ்வாய் கிளினிக், அஞ்சரை பஸ்ஸ விட்டா நம்பர் எம்பதுக்கு மேல போயிரும். வாங்க, பேசிக்கிட்டே நிப்போம்.