5 வருஷ ரம்முக்கு இவ்வளவு விலையா?

கேள்வி: லண்டன் கடை ஒன்றில் கயானா ரம் வாங்கினேன். 'போர்ட் மௌரன்ட், 5 வருடம், 62.5%' என்று லேபிளில் இருக்கிறது. அதே கடையில் 12 வருட ரம் இதைவிட மலிவு. நிறமும் வைக்கோல் மாதிரி வெளுத்திருக்கிறது. ஒரு வாய் குடித்ததுமே தொண்டை எரிந்தது. ஏமாந்துவிட்டேனா? இன்னொரு பாட்டில் வாங்கி இந்தியாவில் இருக்கும் அண்ணனுக்கு எடுத்துப்போக நினைத்தேன். விமானத்தில் விடுவார்களா?

பதில்: ஏமாறவில்லை. நல்ல சரக்கைத்தான் வாங்கியிருக்கிறீர்கள்; குடித்த விதம்தான் சரியில்லை.

முதலில் விலை. 700 மில்லி பாட்டிலில் 62.5% என்றால் ஆல்கஹால் மட்டும் சுமார் 437 மில்லி. 40% ரம்மில் அது 280 மில்லிதான். தண்ணீர் கலந்து 40%-க்குக் கொண்டுவந்தால் உங்கள் பாட்டில் ஒரு லிட்டரைத் தாண்டிவிடும். பிரிட்டனில் மது வரியும் ஆல்கஹால் அளவை வைத்துத்தான் போடுகிறார்கள். அதனால் விலையில் கணிசமான பங்கு வரி.

அடுத்தது அந்தப் பெயர். போர்ட் மௌரன்ட், கயானாவின் பெர்பிஸ் பகுதியில் உள்ள கரும்புத் தோட்ட ஊர். கிரிக்கெட் வீரர் ரோஹன் கன்ஹாய் பிறந்ததும் அங்கேதான். ஆனால் இந்த ரம் இப்போது அங்கே வடிக்கப்படுவதில்லை. அந்த ஊரின் பழைய இரட்டை மர வடிகலன் (ரம்மைக் காய்ச்சி வடிக்கும் கலம்) இடம் மாறி மாறி, இன்று டெமராரா ஆற்றங்கரையில் டயமண்ட் ஆலையில் ஓடுகிறது. அந்த வடிகலன் 1732-ஐச் சேர்ந்தது என்று ஆலை நிறுவனம் சொல்கிறது. கிரீன்ஹார்ட் என்ற கெட்டி மரத்தால் ஆனது. என்மோர், வெர்சாய் என்று லேபிளில் வருவதும் அதே ஆலையில் உள்ள வேறு மர வடிகலன்களின் பெயர்கள். கயானா ரம் வாங்கும்போது வயதுக்கு முன்னால் இந்தப் பெயரைத்தான் நான் பார்ப்பேன். வடிகலனின் குணம் இளம் ரம்மில்தான் பச்சையாகத் தெரியும். பல வருஷம் பீப்பாயில் கிடந்தால் ஓக் மரம் அதை மூடிவிடும்.

நிறம் வெளுத்திருப்பது குறை இல்லை. கேரமல் சேர்த்து எந்த ரம்மையும் கறுப்பாக்கலாம். ஐரோப்பியக் கிடங்கில் பழைய பீப்பாயில் வைத்த ரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கயானா வெயிலில் பீப்பாயிலுள்ள ரம் வருஷத்துக்கு 6% வரை ஆவியாகும், ஐரோப்பாவில் 2% அளவுதான் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. வெயிலில் ரம் வேகமாக முதிரும் என்பதால், எந்த நாட்டில் வைத்த 5 வருடம் என்று லேபிளில் தேடிப் பாருங்கள்.

இனிப்பு சேர்த்திருக்கிறார்களா என்று தெரிய, ஒரு ஸ்பூன் ரம்மைச் சாஸரில் ஊற்றி, அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல் காயவிடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் சர்க்கரை இருக்கிறது. கடையில் பார்த்த அந்த 12 வருட ரம் கிடைத்தால் அதையும் இப்படிப் பார்த்துவிட்டு அப்புறம் விலையை ஒப்பிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் லிட்டருக்கு 20 கிராம் வரை இனிப்பை அனுமதிக்கிறது.

இனி குடிக்கும் விதம். வாய் குறுகிய கிளாஸில் 30 மில்லி ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். கிளாஸுக்குள் மூக்கை நுழைக்க வேண்டாம்; வாயைக் கொஞ்சம் திறந்தபடி விளிம்புக்கு மேலே முகருங்கள். முதலில் வார்னிஷ் நெடி வரும், இளம் ரம்மில் அது சகஜம். அது அடங்கியதும் பென்சில் சீவிய மரத்தூள், சோம்பு, அதிமதுரம் என்று ஒவ்வொன்றாக எழும். நாக்கு நனைகிற அளவுக்கு ஒரு சொட்டு மட்டும் எடுத்து வாய் முழுக்கச் சுழற்றுங்கள். பிறகு டீஸ்பூன் டீஸ்பூனாகச் சாதாரணத் தண்ணீர். 5 மில்லி விட்டால் சுமார் 54%, 10 மில்லிக்கு 47%, 15 மில்லிக்கு 42%-க்குக் கொஞ்சம் கீழே. இந்தியாவில் விற்கும் ஓல்ட் மாங்க் 42.8% என்பதை நினைத்தால், நீங்கள் முதலில் விழுங்கியது எவ்வளவு கனம் என்று புரியும். இந்த ரம் 50%-ஐ ஒட்டி இருக்கும்போதுதான் நன்றாகத் திறந்து பேசும் என்பது என் அபிப்பிராயம். தண்ணீர் விட்டதும் லேசாகக் கலங்கினால் பயப்படாதீர்கள், குளிர்வித்து வடிகட்டாத சரக்கு அப்படித்தான். ஐஸ் வேண்டாம், வாசனை மங்கிவிடும். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: எவ்வளவு தண்ணீர் கலந்தாலும் உள்ளே போகும் ஆல்கஹால் அதே அளவுதான். அந்த 30 மில்லி, சாதாரண ரம்மில் ஏறத்தாழ 45 மில்லிக்குச் சமம்.

அண்ணனுக்குத் தாராளமாக எடுத்துப்போகலாம். 24%-க்கு மேல் 70% வரை ஆல்கஹால் உள்ள மதுவை, கடை சீல் உடையாமல், ஒருவர் 5 லிட்டர் வரை விமானத்தில் கொண்டுபோக அனுமதி உண்டு. கடையில் வாங்கியதைச் செக்-இன் பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு. இந்தியச் சுங்கத்தில் வரியில்லாமல் விடுவது 2 லிட்டர். ஆனால் பக்கத்து அலமாரியில் 75.5% கயானா ரம் இருந்தால் அதைத் தொடாதீர்கள். 70%-ஐத் தாண்டியதை எந்தப் பெட்டியிலும் ஏற்ற விடமாட்டார்கள்.