ஹரேந்திர சிங் போனார், மரைன் வந்தார்: மகளிர் ஹாக்கி கேள்வி பதில்

2025 டிசம்பர் 1 அன்று ஹரேந்திர சிங் இந்திய மகளிர் ஹாக்கி அணியின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகினார். புத்தாண்டு பிறந்ததும் நெதர்லாந்துக்காரர் ஷோர்ட் மரைன் மறுபடியும் நியமிக்கப்பட்டார். 2026 மார்ச் 8 முதல் 14 வரை ஹைதராபாத்தில் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று. இடையில் இருப்பது இரண்டே மாதம். யாரைச் சேர்க்கலாம், யாரை நீக்கலாம் என்று ஆளுக்கொரு பட்டியலோடு வந்திருக்கிறீர்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (திருச்சி): சார், ஹரேந்திரா விலகினாரா, விலக்கப்பட்டாரா?

சொந்தக் காரணம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் நான் பேசினால் அது வதந்திக்குத் தண்ணீர் ஊற்றுவதாகும். ஆட்ட முடிவுகளைப் பற்றி வேண்டுமானால் பேசலாம். முன்னணி நாடுகள் மோதும் புரோ லீக்கில், 2024-25 பருவத்தில், ஒன்பது அணிகளில் நமக்குக் கடைசி இடம். அதனால் அதற்கு அடுத்த நிலைப் போட்டியான நேஷன்ஸ் கோப்பைக்கு இறக்கப்பட்டோம். 2025 செப்டம்பரில் ஹாங்சோவில் சீனாவுடன் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம். நவ்நீத் கௌர் முதல் நிமிடத்திலேயே கோல் அடித்தார். அதன் பிறகு நான்கு கோல் வாங்கினோம். அன்று சீனாவை வென்றிருந்தால் நேராக உலகக் கோப்பைக்குப் போயிருப்போம், இந்தத் தகுதிச்சுற்றே தேவைப்பட்டிருக்காது.

கேள்வி (கோயம்புத்தூர்): மரைனை எல்லோரும் மந்திரவாதி போலப் பேசுகிறார்கள். அவர் பயிற்சியில் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வந்தது வெறும் அதிர்ஷ்டம்தானே?

அதிர்ஷ்டமும் இருந்தது, மறுக்கவில்லை. டோக்கியோவில் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி: நெதர்லாந்திடம் 1-5, ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. பிறகு அயர்லாந்தை 1-0, தென்னாப்பிரிக்காவை 4-3 என வென்றோம். அதற்குப் பிறகும், பிரிட்டனை அயர்லாந்து வெல்லாமல் இருந்தால்தான் நமக்குக் காலிறுதி என்ற நிலை. பிரிட்டன் அயர்லாந்தை வீழ்த்தியது.

ஆனால் காலிறுதியில் எதிரே நின்றது ஆஸ்திரேலியா. லீக் சுற்றில் ஒரு ஆட்டத்தையும் இழக்காத அணி. அந்த அணியை 1-0 என்று அறுபது நிமிடம் கட்டிவைத்ததை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று நம் தற்காப்பு வீராங்கனைகள் கடைசி நிமிடம் வரை ஓடினார்கள். அந்த ஓட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் உடற்தகுதி ஆலோசகர் வேய்ன் லொம்பார்ட். மரைனோடு அவரும் திரும்பி வருகிறார். என்னைக் கேட்டால் இந்த நியமனங்களில் மிக முக்கியமானது அதுதான். 2025 ஐரோப்பியப் பயணத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கடைசிக் கால்பகுதியில் நம்மவர்களின் கால்கள் எவ்வளவு கனத்துப் போயிருந்தன என்று.

கேள்வி (மதுரை): தம்பி, நான் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஆடிய சுரிந்தர் சிங் சோதி காலத்திலிருந்து ஹாக்கி பார்ப்பவன். இந்த மரைனும் ஹரேந்திராவும் முன்பே இடம் மாறியவர்கள் அல்லவா?

ஐயா, உங்கள் நினைவாற்றலுக்கு வணக்கம். 2017 பிப்ரவரியில் மரைன் மகளிர் அணிக்கு வந்தார். அதே செப்டம்பரில் அவரை ஆண்கள் அணிக்குத் தூக்கினார்கள். மகளிர் அணி ஹரேந்திராவிடம் போனது, அவரும் அந்த ஆண்டே ஆசியக் கோப்பையை வென்று கொடுத்தார். 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஆண்கள் அணி பதக்கமின்றித் திரும்பியதும் இருவரையும் மறுபடி இடம் மாற்றினார்கள். ஆண்டு முடிவில் ஆண்கள் அணி உலகக் கோப்பைக் காலிறுதியில் தோற்றது, அதன் பிறகு ஹரேந்திராவின் பதவியும் போனது. இதற்குப் பெயர் நாற்காலிப் போட்டி. பாட்டு எப்போது நிற்கும் என்று அதில் ஆடுபவர்களுக்கும் தெரியாது. 2018 முதல் 2021 வரை மரைனைத் தொந்தரவு செய்யாமல் விட்டபோதுதான் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வந்தது. இதை ரசிகர்களாகிய நாமும் யோசிக்க வேண்டும். மூன்று ஆட்டம் தோற்றால் தலையைக் கேட்பவர்களில் நாமும் உண்டு.

கேள்வி (புதுச்சேரி): கோல்கீப்பர் சவிதாவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு பிச்சு தேவியை நிரந்தரமாக்கலாமா?

ஆசியக் கோப்பையில் சவிதா காயத்தால் ஆடவில்லை, பிச்சு தேவிக்கு வாய்ப்பு கிடைத்தது. நீண்டகால நோக்கில் உங்கள் யோசனை சரி. ஆனால் ஒரு வாரத் தகுதிச்சுற்றில் ஒரு ஆட்டம் சமனாகி, வெற்றியை முடிவு செய்யும் ஷூட்அவுட் வரை போகலாம். அங்கே அனுபவம் வேண்டும். சவிதா நலமாக இருந்தால் ஹைதராபாத்தில் நான் அவரைத்தான் நிறுத்துவேன்.

கேள்வி (சேலம்): முன்னாள் கேப்டன் ராணி ராம்பாலை மீண்டும் அழைத்து வர முடியாதா?

2024 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டார். விட்டுவிடுங்கள்.

கேள்வி (சென்னை): நம் உண்மையான பலவீனம் எது? பயிற்சியாளரா, வீராங்கனைகளா?

பெனால்டி கார்னர். அதாவது, எதிரணி தன் கோல் வட்டத்துக்குள் தவறு செய்தால் நமக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு. டோக்கியோவில் ஆஸ்திரேலியாவை வீழ்த்திய கோல் அப்படி ஒரு வாய்ப்பில் குர்ஜித் கௌர் அடித்த டிராக் பிளிக், பந்தை மட்டையால் இழுத்து வீசும் அடி. இப்போது அந்தச் சுமை முழுக்கத் தீபிகாவின் தோளில் இருக்கிறது. 2024 ராஜ்கிர் ஆசிய சாம்பியன்ஸ் டிராபியில் 11 கோல் அடித்தவர், இறுதியில் சீனாவை வென்ற ஒரே கோலும் அவருடையதே. ஆசியக் கோப்பையில் அவரும் காயத்தால் இல்லை. அவர் இல்லாவிட்டால் மாற்று யார் என்ற கேள்விக்கு நம்மிடம் நம்பிக்கையான பதில் கிடையாது. மரைன் வந்தாலும் வேறு யார் வந்தாலும், இரண்டு மாதத்தில் ஒரு டிராக் பிளிக்கரை உருவாக்க முடியாது. அது கல்லூரி வயதிலிருந்து நாள்தோறும் நூறு பந்து அடித்து வர வேண்டிய கலை.

கேள்வி (கோவில்பட்டி): ஆண்கள் அணியில் அரியலூர் கார்த்தி செல்வம் ஆடினார். மகளிர் அணியில் நம் ஊர்ப் பெயரே காணோமே, அண்ணா?

இந்திய அணி வீராங்கனைகளைப் பாருங்கள்: சலீமா டேட்டே, சங்கீதா குமாரி இருவரும் ஜார்க்கண்டின் சிம்டேகா. லால்ரெம்சியாமி மிசோரம். நேகா கோயல் ஹரியானாவின் சோனிபட். அங்கெல்லாம் பெண் பிள்ளைகளின் கையில் சிறு வயதிலேயே மட்டை கொடுக்கிறார்கள். நம்மிடம் ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாடு டிராகன்ஸ் என்று ஆண்கள் அணி உண்டு. 2025-இல் மகளிர் லீக் தொடங்கியபோது இடம்பெற்ற நான்கு அணிகளில் நம் மாநிலத்தின் அணி ஒன்றுகூட இல்லை. கோவில்பட்டியிலிருந்து எழுதுகிறீர்கள், உங்களுக்கு நான் ஹாக்கிப் பாரம்பரியம் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் திடல்களில் மாலையில் எத்தனை சிறுமிகள் ஆடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (வேலூர்): மீண்டும் ராஞ்சி ஆகிவிடாதே?

பயம் நியாயமானது. 2024 ஜனவரியில் ராஞ்சி, சொந்த மண், பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முதல் மூன்று இடங்கள். அரையிறுதியில் ஜெர்மனியிடம் ஷூட்அவுட்டில் தோற்றோம், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிடம் 0-1. அடுத்த மாதமே அப்போதைய பயிற்சியாளர் யானெக் ஷாப்மேன் விலகினார். போகும்போது, ஆண்கள் அணிக்குக் கிடைக்கும் மதிப்பு மகளிர் அணிக்குக் கிடைப்பதில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்தப் புகாருக்கு இன்றுவரை யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

ஹைதராபாத்தில் ஜெர்மனி இல்லை, ஜப்பானும் இல்லை. இங்கிலாந்து, கொரியா, ஸ்காட்லாந்து போன்ற அணிகள் வருகின்றன. முதல் மூன்றில் வந்தால் உலகக் கோப்பை உறுதி. வருவோம் என்றே நினைக்கிறேன்.

கேள்வி (திருநெல்வேலி): 2026 ஆகஸ்டில் உலகக் கோப்பை, செப்டம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. எதற்கு முன்னுரிமை?

தயங்காமல் சொல்வேன், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு. அங்கே தங்கம் வென்றால் 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்கு நேரடி அனுமதி. மறுபடி ஒரு ராஞ்சியைக் கடக்க வேண்டாம். உலகக் கோப்பையில் இளம் வீராங்கனைகளுக்கு இடம் கொடுத்து, தோற்றாலும் பரவாயில்லை என்று மரைன் ஆடவைத்தால் நான் கைதட்டுவேன். நம் ரசிகர்கள் கைதட்ட மாட்டார்கள். நகோயா ஆசிய விளையாட்டுப் போட்டியில் எதிரே நிற்கப்போவது பாரிஸில் வெள்ளி வென்ற சீனா, அவர்களிடம் ஹாங்சோவில் வாங்கிய நான்கு கோல்களுக்கு இன்னும் கணக்குத் தீர்க்கவில்லை.